ரெவெல் சந்தைக் கூடம்: எதை அளப்பது, எந்த மரத்தை நம்புவது, தூண் அடி அழுகியிருந்தால் என்ன பரிந்துரைப்பது?

கயல்வரை:

வணக்கம். தென்மேற்குப் பிரான்சின் பாஸ்தீத் ஊர்களில் (இடைக்காலத்தில் திட்டமிட்டு நிறுவிய ஊர்கள்), நடுச் சதுக்கத்தில் நிற்கும் மரச் சந்தைக் கூடங்களை அளந்து வரைபடமாக்கும் வேலை தொடங்குகிறது. முதன்மை ரெவெல். 1342இல் ஆறாம் பிலிப் மன்னரின் சாசனத்தோடு எழுந்த ஊர். பக்கத்துக்கு 39 மீட்டர் வரும் சதுரக் கூடம், 79 ஓக் தூண்கள், நடுவில் மணிக்கோபுரம். ஒப்பிட்டுப் பார்க்க கிரெனாத்-சூர்-கரோன், மோன்பாசியே, வில்ரேயால்.

மரத்தைப் பார்த்தே எது பழையது, எது பின்னால் மாற்றியது என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? மர வளைய ஆய்வுக்கு (வளையங்களை வைத்து மரம் வெட்டிய ஆண்டைக் கணிப்பதற்கு) எந்தத் தூண்களைக் காட்டுவது? தூண் அடி அழுகியிருந்தால் அறிக்கையில் என்ன வகைப் பழுதுபார்ப்பை எழுதுவது? சந்தைக்கு நடுவிலேயே, சில ஊர்களில் அதன் தலைக்கு மேலேயே, ஊர் நிர்வாகம் உட்கார்ந்திருக்கிறதே, அது கட்டடத்தில் எங்கே தெரியும்? சுவரே இல்லாத இவ்வளவு பெரிய கூரை காற்றுக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதையும் குறுக்குவெட்டுப் படத்தில் சரியாகக் காட்ட வேண்டும்.

உளியும் கொட்டாப்புளியும்:

முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்ற எல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்.

முதலில் மரத்தின் மேற்பரப்பு. சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிய மரத்தில் ஆழமில்லாத குழிவான செதில் தடங்கள் வரிசையாக இருக்கும். இரண்டு ஆள் இழுத்து அறுத்த மரத்தில் ரம்பக் கோடுகள் சாய்வாக, இடைவெளி ஒரே சீராக இல்லாமல், அங்கங்கே கோணம் மாறிப் போகும். இயந்திர ரம்பம் அறுத்ததில் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக, அச்சடித்ததுபோல் இருக்கும். வட்ட ரம்பம் என்றால் வில் வடிவக் கோடு. வில் கோடு தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டுக்கு முந்திய துண்டு அல்ல என்று தைரியமாக எழுதலாம். மறுதலையாகச் சொல்ல முடியாது. வாய்ச்சித் தடம் இருப்பதாலேயே மரம் இடைக்காலத்தது ஆகிவிடாது, 20ஆம் நூற்றாண்டிலும் கையால் செதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து, வேலையில்லாத துளைகள். எந்த மரமும் வந்து சேராத துளை, எதையும் பிடிக்காத ஆணிக்குழி, நடுவில் அறுந்து நிற்கும் பள்ளம் இவற்றைப் பார்த்தால் இரண்டே விளக்கம்தான்: அங்கே இருந்த சாய்கால் (தூணிலிருந்து உத்தரத்துக்குச் சாய்வாகப் போகும் முட்டு மரம்) கழற்றப்பட்டிருக்கிறது, அல்லது மரமே வேறு கட்டடத்திலிருந்து வந்திருக்கிறது. அந்தச் சாய்கால் போய்ச் சேர வேண்டிய உத்தரத்திலும் அதற்குப் பொருந்தும் இடத்தில் வெற்றுத் துளை இருந்தால் கழற்றப்பட்ட சாய்கால். அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் மறுபயன் மரம். இரண்டையும் வரைபடத்தில் வேறு வேறு குறியால் காட்டுங்கள். இதை விட்டுவிட்டால் அளவெடுப்பின் பாதிப் பயன் போய்விடும்.

மூன்றாவது, தச்சர் குறிகள். பிரெஞ்சுத் தச்சு முறையில் ஒவ்வொரு சட்டகத்தையும் தரையில் முழு அளவில் கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேல் மரங்களைக் கிடத்தி, தூக்குக்குண்டு நூலால் ஒரு மரத்தின் வளைவை இன்னொன்றின் மேல் இறக்கிப் பொருத்தை வெட்டுவார்கள். மரம் கோணலாக இருந்தாலும் பொருத்து இம்மி பிசகாமல் உட்காரும். இந்த முறையை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இதன் விளைவு, எந்த நாக்கும் (மர முனையில் செதுக்கிய நீட்டம்) தனக்கென வெட்டிய துளையைத் தவிர வேறு எந்தத் துளையிலும் போகாது. ஆகவே ஒவ்வொரு பொருத்துக்கும் எண் வேண்டும். எண்கள் உளியாலோ கீறுளியாலோ வெட்டிய ரோமானிய எண்கள். நான்கை நான்கு கோடாகவே போடுவார்கள், ஒன்பதும் அப்படித்தான். மரம் தலைகீழாகக் கிடக்கும்போது குழப்பம் வராமல் இருக்க. எண்ணின் பக்கத்தில் சிறு கொடி, முக்கோணம், கிளைக் கோடு இருந்தால் அது இடப்பக்கமா வலப்பக்கமா, எந்த வரிசை என்பதைக் காட்டும்.

குறிகளை ஒரு பட்டியலாகப் போட்டால் கட்டடமே தன் வரலாற்றைச் சொல்லும். 1, 2, 3 என்று வரிசையாக ஓடினால் அந்தச் சட்டகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் ஒன்று எண்ணே இல்லாமல் இருந்தால் மாற்றிய மரம். எண் இருந்தும் வரிசை உடைந்தால் கூரையை ஒருமுறை பிரித்து மீண்டும் ஏற்றியிருக்கிறார்கள்.

மர வகை பற்றி ஒரு எச்சரிக்கை. ஊர்த் தகவல் பலகைகளில் 'செஸ்நட் மரக் கூரை' என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஓக், தூசும் வயதும் ஏறிய பிறகு செஸ்நட் போலவே இருக்கும். செஸ்நட் என்று பெயர் வாங்கிய பல பழைய கூரைகள் சோதித்தபோது ஓக் என்றே தெரியவந்தன. வேறுபாடு எளிது: குறுக்குவெட்டு முகத்தைச் சற்று சுத்தம் செய்து பார்த்தால், ஓக் மரத்தில் நடுவிலிருந்து விரியும் அகலமான கதிர்கள் கண்ணுக்குத் தெரியும், செஸ்நட்டில் தெரியாது.

மர வளைய ஆய்வுக்கு: மரத்தின் உருண்டை விளிம்பு இன்னும் எஞ்சியிருக்கும் தூண், உத்தரம், சாய்கால் இவற்றைத் தேடுங்கள். வைரத்துக்கு (மரத்தின் கெட்டியான உள்பகுதிக்கு) வெளியே இருக்கும் வெளுத்த மரம் பட்டை வரை முழுதாக இருந்தால் வெட்டிய ஆண்டே கிடைக்கும்; சில வேளை பருவம்கூட. வெளுத்த மரத்தில் கொஞ்சமாவது இருந்தால் ஓர் இடைவெளிக்குள் கணிக்கலாம். அதை முழுக்கச் செதுக்கி எறிந்திருந்தால் 'இந்த ஆண்டுக்குப் பின்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. 60 வளையங்களுக்குக் குறைந்த மாதிரி பெரும்பாலும் வீண். ஒவ்வொரு கட்டுமானக் கட்டத்துக்கும் எட்டு முதல் பத்து மாதிரி இருந்தால் முடிவு நிற்கும். ஓக் மரத்தைப் பச்சையாகவே வேலை செய்தார்கள் என்பதால் வெட்டிய ஆண்டுக்கும் ஏற்றிய ஆண்டுக்கும் இடையே ஓரிரு ஆண்டுதான் இருக்கும்.

சுண்ணாம்புச்சூளை:

தூண் அடி பற்றி. நோயை முதலில் தரையில் தேடுங்கள், மரத்தில் அல்ல.

பழைய ஏற்பாடு இதுதான்: தூண் மண்ணில் புதைக்கப்படவில்லை. ஒரு கல் பீடத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பீடம் தரையிலிருந்து ஒரு சாண் அல்லது அதற்கு மேல் உயரம். தரை, கூழாங்கல் பாவியதோ கெட்டித்த மண்ணோ, வெளிப்பக்கம் லேசாகச் சரியும். மழைத் தண்ணீர் தெறித்தாலும் கல்லில்தான் படும். மரத்தின் அடிமுகம் காற்றில் உலரும்.

20ஆம் நூற்றாண்டில் நடந்தது என்ன? சதுக்கத்துக்குத் தார் போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கு. தரை 10, 15 செ.மீ. ஏறியது, கல் பீடம் காணாமல் போனது. சில இடங்களில் கடைக்காரர் வண்டி இடிக்கிறது என்று தூண் அடியைச் சுற்றி சிமென்ட் வளையம் ஊற்றினார்கள். அதுதான் மிகக் கெட்ட வேலை. சிமென்டுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு மயிரிழை விரிசல் விழும், தண்ணீர் உள்ளே போகும், வெளியேற வழி இருக்காது. வெளியிலிருந்து தூண் நன்றாகத்தான் தெரியும், உள்ளே கூடு.

அளவெடுக்கும்போது ஒவ்வொரு தூணிலும் நான்கு விஷயம் குறியுங்கள்: பீடம் தரைக்கு மேல் எத்தனை செ.மீ. தெரிகிறது, அடியிலிருந்து 5, 30, 150 செ.மீ. உயரங்களில் ஈரப்பதம்; சுத்தியலால் தட்டினால் வரும் ஒலி; கூர் ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. 150 செ.மீ.யில் 15ம், 5 செ.மீ.யில் 28ம் காட்டினால் தண்ணீர் கீழிருந்து வருகிறது. இரண்டிலும் உயர்வாக இருந்தால் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். ரெவெலில் கோபுரமும் கூரையும் சேரும் கோடு முழுவதையும் தனியாகப் பாருங்கள். எந்தக் கட்டடத்திலும் கூரை வந்து சுவரில் முட்டும் இடமும் கூடுவாயும்தான் (இரண்டு கூரைச் சரிவு சேரும் பள்ளம்) முதலில் ஒழுகும். அங்கே ஈயத் தகடு எவ்வளவு மேலேறியிருக்கிறது, சாந்து விட்டிருக்கிறதா என்று குறியுங்கள்.

பூச்சி: ஓக்கில் 2 முதல் 4 மி.மீ. வட்டத் துளைகள் தெரிந்தால் பெரிய மரவண்டு. அது ஏற்கெனவே ஈரமும் பூஞ்சையும் பிடித்த மரத்தைத்தான் விரும்பும். ஆகவே துளை இருக்கும் இடம் பழைய ஒழுகலின் வரைபடம் மாதிரி. மருந்தடிக்கும் முன் ஒழுகலை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. தென்மேற்கில் கரையானும் உண்டு. 1999 ஜூன் 8 சட்டப்படி கரையான் கண்டால் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) அறிவிக்க வேண்டும்.

பழுதுபார்ப்பு. முழுத் தூணையும் மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்காதீர்கள். அழுகல் பெரும்பாலும் கீழ் 40 முதல் 80 செ.மீ.க்குள் நிற்கும். வரிசை இது:

கூரைச் சுமையை இருபுறமும் முட்டுக் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். முட்டு உத்தரத்துக்கு நேர்கீழே இருக்க வேண்டும். சாய்காலின் கீழ் கொடுத்தால் பொருத்து பிளக்கும். ஜாக்கியை மில்லிமீட்டர் கணக்கில், ஓடு அசைகிறதா என்று மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல ஏற்ற வேண்டும். தூண் பீடத்தை விட்டு 2, 3 மி.மீ. எழுந்தால் போதும். நூற்றாண்டுகளாகச் சாய்ந்து பழகிய கூரையை நேராக்க முயல வேண்டாம்.

அழுகிய பகுதிக்கு மேல் நல்ல வைரம் வரும் வரை வெட்டி, மின்னல் கோடு போன்ற ஏறுபடிப் பொருத்தில் புதிய அடியைச் சேர்ப்பார்கள். பொருத்தின் நீளம் தூணின் பக்க அளவைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு; 30 செ.மீ. தூணுக்கு 75 முதல் 90 செ.மீ. நடுவில் எதிரெதிர் ஆப்பு இரண்டு அடித்து இறுக்கி, குறுக்கே மர ஆணி.

புதிய அடிக்கு வைர ஓக் மட்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பச்சை ஓக்கை உலர்ந்த பழைய தூணோடு சேர்த்தால், 30 செ.மீ. அகலத்தில் 12 முதல் 15 மி.மீ. வரை சுருங்கும். இரண்டு வருடத்தில் பொருத்து வாய் பிளக்கும். ஓக் உலர்வது சென்டிமீட்டருக்கு ஒரு வருடம் என்பது மரக்காரர் கணக்கு. ஆகவே 30 செ.மீ. கனத்தில் உலர்ந்த புது மரம் கிடைப்பது அரிது. இடித்த பழைய கட்டடத்து உத்தரத்தைத் தேடுவதுதான் வழி. பீடத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஈயத் தகடு ஒன்று.

உளியும் கொட்டாப்புளியும்:

மற்றதெல்லாம் சரி, ஈயத் தகட்டில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தகடு தூணின் விளிம்பை விட ஒரு மி.மீ. வெளியே நீண்டாலும் தூண் முகத்தில் வழியும் தண்ணீரைப் பிடித்து அடிமுகத்துக்குள் அனுப்பும். வெளிவரிசைத் தூண்களில் இதுதான் நடக்கிறது. பீடத்தின் மேல்முகத்தை நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்ததாகச் செதுக்கி, மரத்தை நேராக வைத்தால் நன்றாக உலரும். உள்வரிசையில், தரையிலிருந்து ஈரம் ஏறும் இடத்தில் மட்டும், விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டிய தகடு என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று: யாராவது கூடுபட்ட அடியை எபாக்சி பிசின் ஊற்றி நிரப்பலாம் என்பார்கள். வீட்டுக்குள் உலர்ந்த உத்தர முனைக்கு அது சில வேளை பொருந்தும். திறந்த கூடத்துத் தூணில் வேண்டாம். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், பிசின் அசையாது. இரண்டுக்கும் இடையே தண்ணீர் தங்கி, பிசினைச் சுற்றிப் புதிதாக அழுகும். அடுத்து வரும் தச்சருக்கு வெட்ட நல்ல மரமும் எஞ்சாது.

சுண்ணாம்புச்சூளை:

வெளிவரிசைக்கு நீங்கள் சொல்வது சரி. அறிக்கையில் இரண்டையும் பிரித்தே எழுதட்டும். பிசின் விஷயத்தில் எனக்கும் வேறு கருத்து இல்லை.

சாசனப்பெட்டி:

நிர்வாகம் ஏன் அங்கே என்பதற்கு. பாஸ்தீத் என்பது திட்டமிட்டு நிறுவிய ஊர். மோன்பாசியே 1284இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்காக நிறுவப்பட்டது. குடியேற ஆள் வர வேண்டும் என்பதற்காகவே ஊர்ச் சாசனத்தில் சலுகைகள் தந்தார்கள்: சந்தை நாள், வரி வரம்பு, ஊரார் தம் சார்பில் கொன்சுல்களை (ஊர் நிர்வாகிகளை) வைத்துக்கொள்ளும் உரிமை. ஊருக்கு வருமானம் சந்தையிலிருந்து. எடை, அளவு, கலப்படம், தகராறு எல்லாம் கொன்சுல்களின் பொறுப்பு. ஆகவே அவர்கள் அமர்ந்த அறை, காவல் அறை, சிறை, சந்தை நேரம் சொல்லும் மணி எல்லாம் தானியம் அளக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வந்தன. மாதாகோயிலும் சதுக்கமும் பாஸ்தீதில் பெரும்பாலும் தனித்தனியாகவே இருக்கும். சதுக்கம் ஊரவை கையில்.

கட்டடத்தில் எங்கே பார்ப்பது? ரெவெலில் நடுக்கோபுரத்தில். ஆனால் கவனம்: 1829இல் கோபுரம் தீப்பிடித்தது, இன்று நிற்பது அதற்குப் பின் எழுப்பியது. மரக் கூடத்தையும் கோபுரத்தையும் ஒரே காலத்தது என்று வரைபடத்தில் ஒரே நிறம் அடித்துவிடாதீர்கள். கோபுரத்தை ஒட்டிய உத்தரங்களில் கரிந்த முகம், பின்னால் சேர்த்த இரும்புப் பட்டை இருக்கிறதா என்று தேடுவது பலன் தரும். கிரெனாதில் வேறு தீர்வு: எண்கோணச் செங்கல் தூண்கள் 36, நடுவில் அவற்றின் மேல் கொன்சுல் அறை ஏறுகிறது. ஓக் தூணும் செங்கல் தூணும் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களில் எப்படி ஒரே வேலையைச் செய்கின்றன என்பதற்கு இந்த இரண்டையும் விட நல்ல ஒப்பீடு கிடைக்காது. வில்ரேயாலில் மரச்சட்டமும் வரிச்சில் அப்பிய மண்ணுமாக மேல்தளம், கீழே ஓக் தூண்கள். மண் சுவர் என்பதால்தான் மரத் தூண்கள் அதைத் தாங்குகின்றன. பின்னால் எங்காவது செங்கல்லோ சிமென்ட் பூச்சோ சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், எடைக் கணக்கே மாறிவிடும்.

மோன்பாசியேயில் தானிய அளவைகளைத் தவறவிடாதீர்கள். ஊர் அதிகாரத்துக்கு அவற்றைவிட நேரடியான சாட்சி இல்லை. வியாபாரி தன் சொந்த மரக்காலைக் கொண்டுவர முடியாது; ஊரின் அளவையில்தான் அளக்க வேண்டும். ஈசேர் வட்டாரத்துக் கிரேமியூவில், 15ஆம் நூற்றாண்டுக் கூடத்தில், கல்லிலேயே குடைந்த அளவைகள் இருக்கின்றன. தானியம் சரிந்து சாக்கில் விழ வழியும் உண்டு. ஊருக்கு ஊர் மாறிய இந்த அளவைகளை 1837 ஜூலை 4 சட்டம் முடித்துவைத்தது. 1840 ஜனவரி 1 முதல் மெட்ரிக் தவிர மற்றது செல்லாது. அளவைகளின் உள்விட்டமும் ஆழமும் எடுத்து லிட்டரில் கொள்ளளவை எழுதுங்கள், விளிம்புத் தேய்மானத்தோடு.

உரிமை பற்றியும் ஒரு வரி, அறிக்கையில் வரும் என்பதால். எல்லா ஊர்க் கூடமும் தொடக்கத்திலிருந்தே ஊருக்குச் சொந்தம் அல்ல. வடக்கில் பல கூடங்கள் பிரபுவுடையவை. 1479இல் மில்லி-லா-ஃபொரேயில் கூடம் எழுந்தது அவ்வூர்ப் பிரபு மாலே தெ கிராவில் காலத்தில். 1790 மார்ச் 15-28 ஆணை கூடத்தில் வசூலித்த பிரபுத்துவ வரிகளை ஒழித்தது. கட்டடம் மட்டும் பழைய உடைமையாளரிடமே இருக்கும், வாடகைக்கோ விலைக்கோ நகராட்சியோடு பேசி முடித்துக்கொள்ளலாம் என்றது. பல ஊர்களில் அந்தப் பேரம் 19ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது. இடையில் பராமரிப்பு நின்ற ஆண்டுகள் மரத்தில் தெரியும். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் நகராட்சிக் கோப்புகளில் ஓடு, மரம் வாங்கிய கணக்கு பெரும்பாலும் கிடைக்கும்.

சட்டப் பாதுகாப்பு: 1913 டிசம்பர் 31 சட்டத்தின் வழிவந்த இரண்டு தரம் உண்டு. உயர்தரப் பாதுகாப்பில் உள்ள கட்டடத்தில் ஓர் உத்தரம் மாற்றவும் அரசின் முன் அனுமதி வேண்டும். பதிவுத் தரத்தில் உள்ளதற்கு வேலை தொடங்க நான்கு மாதம் முன்னரே தெரிவிக்க வேண்டும். மாதிரி எடுக்கத் துளையிடுவதும் 'வேலை'யாகப் பார்க்கப்படலாம். ஆகவே உடைமையாளரான ஊராட்சியிடமும் பிராந்தியக் கலாச்சார இயக்ககத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே துளை. 1943 முதல் சுற்றி 500 மீட்டருக்குள் வரும் மாற்றங்களும் கண்காணிப்பில் உண்டு. சதுக்கத்துத் தரையைத் தாழ்த்தப் பரிந்துரைத்தால் அதுவும் இந்த வட்டத்துக்குள்தான்.

கயல்வரை:

மிகப் பெரிய உதவி. இரண்டு தொடர் கேள்வி. ஒன்று, தூணின் மேல் சுமை தோராயமாக எவ்வளவு என்று அறிக்கையில் ஒரு எண் தர வேண்டும். இரண்டு, காற்று. மர ஆணிகள் மட்டும் இழுவிசையைத் தாங்குமா?

உளியும் கொட்டாப்புளியும்:

சுமை முதலில். 39 × 39 = 1,521 சதுர மீட்டர். கோபுரத்தை விட்டுவிட்டு 79ஆல் வகுத்தால் தூணுக்குச் சுமார் 19 ச.மீ. அரைக்குழாய் ஓடு ச.மீ.க்கு 45 முதல் 60 கிலோ. கைமரம், வரிச்சு, உத்தரம் சேர்த்து இன்னொரு 40, 50. ஆக 100 கிலோ என்று வையுங்கள்: உள்தூணுக்கு 1.9 டன். பனிச் சுமை தனி; அந்த வட்டாரத்தில் தரையில் விழும் பனிக்குக் கணக்கு ச.மீ.க்கு 45 கிலோ. வெளிவரிசைத் தூணுக்கு உள்தூணின் சுமையில் ஏறக்குறைய பாதி. இது கூரையின் கிடைப்பரப்பை வைத்த தோராயம்தான், சரிவும் தாழ்வார நீட்டமும் அளந்த பிறகு திருத்துங்கள்.

இப்போது இதைத் தூணின் பரப்போடு வைத்துப் பாருங்கள். 30 × 30 செ.மீ. என்றால் 900 ச.செ.மீ.; ச.செ.மீ.க்கு 2 கிலோ சொச்சம்தான். ஓக் இழை நீளத்தில் இதைப்போல் பல மடங்கு தாங்கும். அடிமுகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கூடாகிப்போனாலும் தூண் நிற்பது இதனால்தான். நின்றுகொண்டிருக்கிறது என்பதை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செங்குத்துச் சுமை இந்தக் கூடங்களைக் கொல்வதில்லை, பக்கவாட்டு அசைவுதான் கொல்லும்.

காற்று அங்கேதான் வருகிறது. தூண் கல்லின் மேல் சும்மா நிற்பதால் அடியில் எந்தப் பிடிப்பும் இல்லை. மேலே தூணும் உத்தரமும் சேரும் மூலையில் இரண்டு திசையிலும் சாய்கால் போட்டு அந்தக் கோணத்தைப் பூட்டுகிறார்கள். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது ஒரு பக்கத்துச் சாய்கால் அமுங்கும், எதிர்ச் சாய்கால் தளரும். அமுக்கத்தை நாக்கின் தோள் (நாக்கு தொடங்கும் இடத்துப் படி) நேராக வாங்கிக்கொள்ளும். மர ஆணி பெரிய இழுவிசையைத் தாங்க வேண்டிய தேவையே வராதபடி வடிவமைப்பு. ஆணியின் முதல் வேலை பொருத்தைக் கழலாமல் பிடிப்பது.

அதை எப்படிப் பிடிக்கிறது என்பதை விவரப் படத்தில் காட்டுங்கள். துளை மரத்தில் போட்ட ஆணிக்குழிக்கும் நாக்கில் போட்ட குழிக்கும் 2, 3 மி.மீ. விலகல் வைப்பார்கள், நாக்கின் குழி தோள் பக்கம் தள்ளியிருக்கும். கூர்நுனி ஆணியை அடிக்கும்போது அது நாக்கை உள்ளே இழுத்துத் தோளை இறுக்கும். ஆணி 18 முதல் 22 மி.மீ.; ரம்பத்தால் அறுத்ததல்ல, இழை வழியே பிளந்தது. அறுத்த ஆணியில் இழை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், அடித்தால் முறியும். மரம் பச்சை, ஆணி உலர்ந்தது. மரம் காயக் காய ஆணியைக் கவ்விக்கொள்ளும். பின்பக்கம் சில செ.மீ. நீட்டியே விட்டிருப்பார்கள். அது அசட்டையான வேலை அல்ல, நாளைக்குத் தட்டிக் கழற்றுவதற்கு. கழற்றி மாற்றலாம் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் நான் இந்தக் கூடங்களின் பெரிய பெருமையாகக் கருதுகிறேன். நார்மண்டியில் சேன்-பியேர்-சூர்-தீவ் கூடம் 1944 போரில் எரிந்தபோது அதைப் பழைய முறையிலேயே திரும்ப எழுப்ப முடிந்தது; அதற்கு 2,90,000 செஸ்நட் ஆணிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முறை உயிரோடு இருந்தால் எரிந்த கட்டடமும் திரும்ப வரும்.

எங்கே கெடுகிறது என்றால், வண்டி நுழையத் தடையாக இருக்கிறது என்று சாய்காலை அறுக்கும்போது. ஒன்றை அறுத்தால் அன்றே ஒன்றும் ஆகாது, அதனால்தான் அடுத்ததையும் அறுப்பார்கள். பிறகு ஒரு வரிசை முழுவதும் ஒரே பக்கம் சாயத் தொடங்கும். ஒவ்வொரு தூணிலும் இரண்டு திசையிலும் தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை மி.மீ.யில் எழுதி, அம்புக்குறியாகத் தரைப்படத்தில் போடுங்கள். அம்புகள் தாறுமாறாக இருந்தால் அது பழைய தொய்வு, கவலை குறைவு. பத்து அம்பு ஒரே திசையில் இருந்தால் அந்தப் பக்கம் காணாமல்போன சாய்கால்களின் வெற்றுத் துளைகளைத் தேடுங்கள், கிடைக்கும்.

சுண்ணாம்புச்சூளை:

ஓடு பற்றி ஒரு சேர்க்கை. அரைக்குழாய் ஓடு பெரும்பாலும் சாந்தில்லாமல் தன் எடையில்தான் உட்கார்ந்திருக்கும். திறந்த கூடத்தில் காற்று அடியிலிருந்தும் தூக்கும் என்பதால் தாழ்வார ஓரத்து இரண்டு வரிசையும் முகடும் மட்டும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். அங்கே சிமென்ட் சாந்து கண்டால் குறியுங்கள். ஓடு உடையாமல் அதைப் பிரிக்க முடியாது. அடுத்த முறை கூரை மாற்றும்போது பழைய ஓடுகளில் எவ்வளவு திரும்பப் பயன்படும் என்ற கணக்கு அதைப் பொறுத்தது. புதிய ஓடு சேர்க்க வேண்டி வந்தால் அடி ஓடாகப் புதியதையும் மேல் ஓடாகப் பழையதையும் போடச் சொல்லுங்கள். வெளியே நிறம் மாறாது, தண்ணீர் ஓடும் வாய்க்காலில் விரிசல் இல்லாத ஓடு கிடைக்கும்.

கூரையிலிருந்து வரும் தண்ணீர் அலட்சியத்தின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு: புதுச்சேரியின் மேரி (பழைய நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டினார்கள், நல்லது. ஆனால் பழைய சாந்தும் பழைய மரமும் போனது போனதுதான். ஒழுகல் தெரியும் இடங்களைத் தனி ஒரு படத்தாளாகவே கொடுங்கள், நகராட்சி முதலில் பார்க்கட்டும்.

சாசனப்பெட்டி:

நடைமுறைக்கு: ரெவெலில் சந்தை சனிக்கிழமை, மோன்பாசியேயில் வியாழன். அந்த நாட்களில் அளவெடுக்க முடியாது. ஆனால் ஒரு சந்தை நாளாவது போய்க் கடைகள் எந்தத் தூணில் கயிறு கட்டுகின்றன, வண்டி எந்த இடைவெளியில் நுழைகிறது, மீன்கடை கழுவும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தரைப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச்சூளை சொன்ன ஈர அளவுகளை அதன் மறுநாள் எடுக்க வேண்டாம், மழையில்லாத மூன்று நாள் கழித்து எடுங்கள். தூண்களுக்கு வடமேற்கு மூலையிலிருந்து எழுத்தும் எண்ணுமாகப் பெயரிட்டு, அந்தப் பெயரையே படம், புகைப்படம், ஈர அட்டவணை, மாதிரிப் பை எல்லாவற்றிலும் எழுதுங்கள். தச்சர் குறிகளைப் பெயராகப் பயன்படுத்த வேண்டாம். அவை தனி நிரலில்.